வக்கீல் மேல் ஒழுங்கு நடவடிக்கை இருந்ததா? வடசென்னையில் எங்களிடம் கேட்கப்படும் கேள்விகள்

தண்டையார்பேட்டையில் எங்கள் வாசகசாலையில் சாயங்கால நேரத்தில் மனு எழுதிக் கொடுக்கிறோம். பட்டா, ரேஷன் கார்டு, முதியோர் உதவித்தொகை என்று வருகிறவர்களில் பலர், எழுந்து போகும்போது குரலைத் தாழ்த்தி இன்னொன்றையும் கேட்பார்கள்: "சார், நம்ம வக்கீல் மேல ஏதாவது கேஸ் கீஸ் இருக்கான்னு எங்க பாக்கறது?" அந்தக் கேள்விகளையும், நாங்கள் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதி வைத்திருக்கிறோம்.

பெயரை அடித்தால் மொத்த விவரமும் வந்துவிடுகிற இணையதளம் ஏதும் இருக்கிறதா? அமெரிக்காவில் அப்படித்தான் என்று என் தம்பி சொல்கிறான்.

தம்பி சொல்வது சரிதான். கலிஃபோர்னியா மாநில பார் அமைப்பின் இணையதளத்தில் வக்கீல் பெயரைத் தேடினால், அவர்மேல் எடுத்த ஒழுங்கு நடவடிக்கையும் அதே பக்கத்தில் தெரியும். இங்கிலாந்தில் சொலிசிட்டர்களுக்கு எதிரான தீர்ப்பாய உத்தரவுகளை வெளியிடுகிறார்கள்.

நம் ஊரில் அந்த வசதி இல்லை. அதற்காகப் பதிவே இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். பதிவு நான்கைந்து இடத்தில் சிதறிக் கிடக்கிறது. கொஞ்சம், வக்கீல்களைப் பதிவு செய்து ஒழுங்குபடுத்தும் பார் கவுன்சில் வைத்திருக்கும் வழக்கறிஞர் பட்டியலில், கொஞ்சம் அதன் ஒழுங்கு நடவடிக்கைக் குழுவின் உத்தரவில், கொஞ்சம் டெல்லியில் இந்திய பார் கவுன்சிலில் நடக்கும் மேல்முறையீட்டில், மிச்சம் கோர்ட் தீர்ப்புகளில். எதை எங்கே கேட்பது என்று தெரிந்தால் போதும், வீட்டு வாசலில் உட்கார்ந்தே பாதி வேலையை முடித்துவிடலாம்.

எதிலிருந்து தொடங்குவது?

பெயரிலிருந்து தொடங்காதீர்கள், பதிவு எண்ணிலிருந்து தொடங்குங்கள். தமிழ்நாட்டில் பதிவு செய்த வழக்கறிஞர் ஒவ்வொருவருக்கும் ஒரு என்ரோல்மென்ட் நம்பர் உண்டு. எம்.எஸ். என்ற எழுத்துகள், ஒரு எண், பதிவான வருஷம் என்று அது இருக்கும். நீங்கள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த வக்காலத்தில் வழக்கறிஞரின் பெயர், முகவரியோடு அந்த எண்ணும் இருக்கும். வக்காலத்தின் நகல் கையில் இல்லையா? குமாஸ்தாவிடம் கேளுங்கள். தயங்கினால், கோர்ட்டில் நகல் மனு போட்டு சான்றிட்ட நகல் வாங்கிக்கொள்ளலாம். கட்சிக்காரருக்கு அந்த உரிமை இருக்கிறது.

இன்னும் வக்காலத்தே கொடுக்கவில்லை, இப்போதுதான் வக்கீல் தேடுகிறோம் என்றால், நேராகக் கேட்டுவிடுங்கள்: "சார், உங்க என்ரோல்மென்ட் நம்பர் குடுங்க, வீட்ல எழுதி வெச்சுக்கறோம்." நல்ல வக்கீல் யாரும் இதற்குக் கோபப்பட மாட்டார். முகம் சுளித்தால் அதையும் ஒரு தகவலாக எடுத்துக்கொள்ளுங்கள் என்பது என் தனிப்பட்ட கருத்து.

எண் எதற்கு? பெயர் போதாதா?

போதாது. எஸ்.குமார் என்று தேடினால் உயர் நீதிமன்ற வளாகத்திலேயே எத்தனை பேர் வருவார்கள் என்று யோசித்துப் பாருங்கள். நம் பெயர் வழக்கத்தில் இனிஷியல் ஒன்று, ஊர்ப் பெயர் ஒன்று, சிலருக்குத் தாத்தா பெயரும் ஒட்டிக்கொண்டிருக்கும். பெண் வழக்கறிஞர்களில் சிலருக்குக் கல்யாணத்துக்குப் பிறகு இனிஷியல் மாறியிருக்கும், பட்டியலில் பழையதே இருக்கும். இணையப் பதிவுகளோ ஆங்கில எழுத்தில் இருப்பவை. தாமோதரனை 'டி'யில் தொடங்கி எழுதியவரும் உண்டு, 'டி.எச்.' போட்டவரும் உண்டு.

பெயர் ஒத்துப்போனதை வைத்து "இவர்தான் அவர்" என்று முடிவு கட்டினால், சம்பந்தமே இல்லாத ஒருவர் மேல் பழி விழும். எண்ணும் வருஷமும் ஒத்துப்போனால் மட்டும் மேலே போங்கள்.

பார் கவுன்சிலில் என்ன பதிவு இருக்கும்?

தமிழ்நாடு, புதுச்சேரி இரண்டுக்கும் சேர்த்து ஒரே பார் கவுன்சில்தான். அலுவலகம் உயர் நீதிமன்ற வளாகத்தில் இருக்கிறது. விம்கோ நகரிலிருந்தோ வண்ணாரப்பேட்டையிலிருந்தோ மெட்ரோ ஏறினால் உயர் நீதிமன்றம் ஸ்டேஷனில் இறங்கலாம். வளாகத்துக்குள் போக அடையாள அட்டை கேட்பார்கள், எடுத்துக்கொண்டு போங்கள்.

வழக்கறிஞர்கள் சட்டம், 1961-இன் 17-ஆவது பிரிவுப்படி மாநில பார் கவுன்சில் ஒரு வழக்கறிஞர் பட்டியலை வைத்திருக்க வேண்டும். இதைத்தான் ரோல் என்பார்கள். அதே சட்டத்தின் 41-ஆவது பிரிவைப் பலர் கவனிப்பதில்லை. ஒருவரைக் கண்டித்தாலோ, குறிப்பிட்ட காலத்துக்குத் தொழில் செய்யாமல் நிறுத்தி வைத்தாலோ, அந்தத் தண்டனையைப் பட்டியலில் அவர் பெயருக்கு நேரே குறித்து வைக்க வேண்டும் என்கிறது அது. நீக்கம் என்றால் பெயரையே அடித்துவிட வேண்டும். ஆகவே பட்டியலில் அவர் பெயருக்கு எதிரே என்ன எழுதியிருக்கிறது என்பதைக் கேட்டாலே விஷயத்தின் மையத்துக்கு வந்துவிடுவீர்கள்.

பெயர் அடிபட்டதெல்லாம் தண்டனையும் இல்லை. அரசு வேலைக்குப் போனவர்கள் தாங்களே கேட்டு நிறுத்தி வைத்திருப்பார்கள். இறந்தவர்கள் பெயரும், தாங்களாகவே விலகிக்கொண்டவர்கள் பெயரும் 26-ஏ பிரிவில் நீங்கும். காரணம் என்ன என்று கேட்காமல் முடிவுக்கு வரவேண்டாம்.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்க முடியுமா? எப்படி எழுதுவது?

முடியும். பார் கவுன்சில் சட்டத்தால் உருவான அமைப்பு, அங்கே பொதுத் தகவல் அலுவலர் உண்டு. மனுவை அவர் பெயருக்கு எழுதி, உயர் நீதிமன்ற வளாகம், சென்னை 600104 என்ற முகவரிக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். தமிழ்நாட்டில் ஆர்.டி.ஐ. மனுவுக்கு வழக்கமான கட்டணம் 10 ரூபாய், கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி அனுப்புவதுதான் எல்லோரும் செய்வது. 6(2) பிரிவின்படி ஏன் கேட்கிறீர்கள் என்று நீங்கள் சொல்லத் தேவையில்லை. பதிலுக்குக் கெடு 30 நாள்.

மனு எழுதுவதில்தான் பலர் சொதப்புகிறார்கள். "இந்த வக்கீல் நல்லவரா, நம்பலாமா" என்று கேட்டால் பதில் வராது, ஏனென்றால் அது தகவல் இல்லை, அபிப்பிராயம். "இவர் மேல் உள்ள எல்லா விவரமும் வேண்டும்" என்றாலும் சுலபமாகத் தட்டிவிடுவார்கள். ஏற்கெனவே காகிதத்தில் இருக்கும் ஒன்றைக் குறிப்பாகக் கேட்க வேண்டும். நாங்கள் எழுதிக் கொடுப்பது ஏறக்குறைய இப்படி இருக்கும்:

"இன்ன பதிவு எண், இன்ன வருஷம் கொண்ட வழக்கறிஞரின் பெயர் இன்றைய தேதியில் தங்கள் பட்டியலில் நடைமுறையில் உள்ளதா? வழக்கறிஞர்கள் சட்டம் 41-ஆவது பிரிவின்படி அவர் பெயருக்கு எதிரே தண்டனைக் குறிப்பு ஏதும் பதிவாகியுள்ளதா? ஆம் எனில் உத்தரவின் எண், தேதி, தண்டனையின் விவரம் தரவும். அவ்வாறு இறுதி உத்தரவு ஏதும் இருப்பின் அதன் நகலை உரிய கட்டணத்தில் வழங்கவும்."

நான்கே வரிதான், அதற்குமேல் கதை வேண்டாம். உங்கள் சொந்தக் குறையை இதில் சேர்த்தால் அதைப் புகார் மனு என்று நினைத்து வேறு மேசைக்குத் தள்ளிவிடுவார்கள், 30 நாள் வீண்.

மறுப்பு வந்தால் இரண்டு பிரிவுகளில் ஒன்றைச் சொல்வார்கள். விசாரணை நடக்கிறது, கெட்டுவிடும் என்று 8(1)(எச்). தனிப்பட்ட தகவல் என்று 8(1)(ஜே). முதலாவது, நிலுவையில் உள்ள புகாருக்குப் பொருந்தலாம், முடிந்துபோன உத்தரவுக்குப் பொருந்தாது. இரண்டாவதை 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் திருத்தி, முன்பைவிட இறுக்கமாக்கிவிட்டது. ஆனால் 8(2) பிரிவு இன்னும் இருக்கிறது: தகவலை வெளியிடுவதால் வரும் பொதுநலன் பெரிது என்றால் கொடுக்கலாம். முதல் மேல்முறையீட்டில் இதைத்தான் வலியுறுத்த வேண்டும். தொழில் உரிமம் பெற்று மக்களிடம் காசு வாங்கி வேலை செய்கிறவரின் உரிமம் நிறுத்தப்பட்டதா என்பது அவர் வீட்டு விஷயம் இல்லை என்று ஒரு வரி எழுதினால் போதும். மறுப்பு வந்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதற்குப் பிறகு 90 நாளுக்குள் தகவல் ஆணையம்.

நான் கேட்டது வக்கீலுக்குத் தெரிந்துவிடுமா? என் கேஸ் இன்னும் அவர் கையில்தான் இருக்கிறது.

தெரிய வாய்ப்புண்டு. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 11-ஆவது பிரிவில் மூன்றாம் நபர் என்று ஒரு ஏற்பாடு இருக்கிறது. கேட்ட தகவல் வேறொருவரைப் பற்றியது, அவர் அதை ரகசியமாகக் கருதுகிறார் என்றால், தகவல் அலுவலர் அவருக்கு நோட்டீஸ் அனுப்பி ஆட்சேபணை கேட்பார். ஆட்சேபிப்பதாலேயே தகவல் நின்றுவிடாது. ஆனால் கேட்டது யார் என்று ஒருவேளை போய்ச்சேரலாம். அதனால் வாய்தா நெருங்கிக்கொண்டிருக்கும்போது அவசரப்பட்டு அனுப்பாதீர்கள். கோர்ட் இணையதளம், செய்தித்தாள் என்று யாருக்கும் தெரியாமல் பார்க்கக்கூடியதை முதலில் பார்த்துவிடுங்கள். அல்லது குடும்பத்தில் வேறொருவர் பெயரில் மனு போடுங்கள். இந்தியக் குடிமகன் யார் வேண்டுமானாலும் கேட்கலாம்.

புகார் இருந்தாலே அவர் தப்பானவர்தானே?

அப்படி இல்லை. இந்த ஒரு விஷயத்தில் எங்கள் வாசகசாலையில் நிறைய வாக்குவாதம் நடந்திருக்கிறது.

புகார் கொடுப்பது முதல் படி. பார் கவுன்சில் அதைப் பார்த்து, முறைகேடு நடந்திருப்பதாக நம்பக் காரணம் இருக்கிறது என்று நினைத்தால்தான் ஒழுங்கு நடவடிக்கைக் குழுவுக்கு அனுப்பும். குழுவில் மூன்று பேர். சாட்சிகளை வரவழைக்கவும் ஆவணங்களைக் கேட்கவும் சிவில் கோர்ட்டுக்கு உள்ள அதிகாரம் அதற்கு உண்டு. கடைசியில் வழக்கறிஞர்கள் சட்டத்தின் 35-ஆவது பிரிவின்படி நான்கில் ஒன்று நடக்கும்: புகார் தள்ளுபடி, கண்டிப்பு, குறிப்பிட்ட காலம் நிறுத்தி வைப்பு, அல்லது பட்டியலிலிருந்து பெயர் நீக்கம். அதன்மேல் 60 நாளுக்குள் இந்திய பார் கவுன்சிலுக்கு மேல்முறையீடு, அங்கிருந்து இன்னொரு 60 நாளுக்குள் உச்ச நீதிமன்றம். மேலே போய் தண்டனை குறைந்ததும் உண்டு, கூடியதும் உண்டு, ரத்தானதும் உண்டு. கீழே வந்த உத்தரவை மட்டும் படித்துவிட்டு நிறுத்திக்கொண்டால் பாதிப் படம் பார்த்த மாதிரிதான்.

கேஸ் தோற்றுப்போன கோபத்தில் வரும் புகார்களும் நிறைய. எதிர்த்தரப்பு வக்கீலை மிரட்டுவதற்காகவே கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். அதனால் புகார் நிலுவையில் உள்ளது என்றால் "கேள்வி கேட்க வேண்டிய விஷயம்" என்று எடுத்துக்கொள்ளுங்கள். தண்டனை உறுதியானது என்றால் அது வேறு.

புகார் எத்தனை காலத்தில் முடியும்?

வழக்கறிஞர்கள் சட்டத்தின் 36-பி பிரிவு ஒரு வருஷம் என்கிறது. அதற்குள் மாநில பார் கவுன்சில் முடிக்காவிட்டால் கோப்பு இந்திய பார் கவுன்சிலுக்குப் போய்விடும். 2021 டிசம்பரில் ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம், இந்தக் கெடுவை மாநிலங்கள் மதிப்பதில்லை என்று வருத்தப்பட்டு, ஒரு வருஷத்துக்குள் முடிக்கச் சொன்னது. நடைமுறையில் தாமதம் சகஜம். உங்களுக்கு இதில் உபயோகமான செய்தி ஒன்றுதான்: பழைய புகார் பற்றிச் சென்னையில் "எங்களிடம் கோப்பு இல்லை" என்று பதில் வந்தால், அது டெல்லிக்குப் போயிருக்கலாம். அங்கேயும் தனியாக ஒரு ஆர்.டி.ஐ. போடுங்கள்.

"தொழில் செய்யத் தடை" என்று பேப்பரில் போடுகிறார்களே, அது என்ன?

கொலை, நில அபகரிப்பு மாதிரி குற்ற வழக்குகளில் வழக்கறிஞர்கள் கைதானால், விசாரணை முடியும்வரை அவர்கள் எந்தக் கோர்ட்டிலும் ஆஜராகக் கூடாது என்று பார் கவுன்சில் இடைக்காலத் தடை போடும். பெயரோடு செய்தித்தாளில் வரும். 2024 ஜூலையில் பெரம்பூரில் பகுஜன் சமாஜ் கட்சியின் மாநிலத் தலைவர் ஆம்ஸ்ட்ராங் கொலை செய்யப்பட்ட வழக்கில் கைதானவர்களில் வழக்கறிஞர்களும் இருந்தார்கள், அவர்களுக்கும் இப்படித் தடை வந்தது. நம்ம பக்கத்துச் செய்தி என்பதால் பலருக்கு நினைவிருக்கும்.

இது இறுதித் தண்டனை அல்ல, குற்றம் நிரூபணமானதாகவும் ஆகாது. தடை பின்னால் நீங்கியிருக்கலாம். நீங்கிய செய்தி தடை வந்த செய்தி அளவுக்குப் பெரிதாக வராது. பழைய செய்தியை வைத்துக்கொண்டு இன்றைய நிலையை முடிவு செய்யாமல், பட்டியலில் இன்றைக்கு என்ன இருக்கிறது என்று கேளுங்கள்.

வீட்டில் உட்கார்ந்து போனிலேயே எதைப் பார்க்கலாம்?

இ-கோர்ட்ஸ் செயலி, இணையதளம் இரண்டும் இலவசம். அதில் வழக்கறிஞர் பெயரிலோ பார் பதிவு எண்ணிலோ தேடினால் அவர் நடத்தும் கேஸ்கள் வரும். ஜார்ஜ் டவுன் மாஜிஸ்திரேட் கோர்ட், திருவொற்றியூர், பொன்னேரி என்று ஒவ்வொரு நீதிமன்ற வளாகத்தையும் தனித்தனியாகத் தேர்வு செய்ய வேண்டும், அது கொஞ்சம் தொல்லை. இதில் ஒழுங்கு நடவடிக்கை எதுவும் தெரியாது. ஆனால் ஆஜராகாமல் தள்ளுபடியான கேஸ்கள் எத்தனை, எக்ஸ்பார்ட்டி (ஒரு தரப்பு வராமலே முடிவு) ஆனது எத்தனை என்று அவர் வேலை செய்யும் லட்சணம் கொஞ்சம் தெரியும்.

அப்புறம் அதே பெயரைக் கட்சிக்காரர் பெயர் என்ற இடத்திலும் போட்டுப் பாருங்கள். வக்கீலே எதிரியாகவோ பிரதிவாதியாகவோ இருக்கும் கேஸ் அங்கேதான் வரும். பெரும்பாலோர் இந்தத் தேடலைச் செய்வதே இல்லை.

உயர் நீதிமன்றம், உச்ச நீதிமன்றம் இரண்டின் தீர்ப்புகளும் அவரவர் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கும். மேல்முறையீடாக உச்ச நீதிமன்றம் வரை போன ஒழுங்கு வழக்குகளில் வழக்கறிஞர் பெயர், செய்த காரியம், தண்டனை எல்லாம் வெளிப்படையாக இருக்கும். இந்திய பார் கவுன்சில் குழுவோடு நின்றுபோன உத்தரவுகள் இப்படிக் கிடைப்பதில்லை. அதற்குத்தான் ஆர்.டி.ஐ.

உயர் நீதிமன்றமே ஒரு வக்கீலின் உரிமத்தைப் பறிக்க முடியாதா?

உரிமம் பார் கவுன்சில் கையில். 2016-இல் சென்னை உயர் நீதிமன்றம் 14-ஏ முதல் 14-டி வரை விதிகள் கொண்டுவந்து, தவறு செய்யும் வழக்கறிஞர்களைத் தானே தடை செய்ய அதிகாரம் எடுத்துக்கொண்டது. பாரிமுனையே போராட்டக்களமாக இருந்த நாட்கள் அவை. 2019 ஜனவரியில் ஆர்.முத்துகிருஷ்ணன் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த விதிகளை ரத்து செய்தது. கோர்ட் அவமதிப்புக்குத் தண்டிக்கும் அதிகாரம் நீதிமன்றத்துக்கு எப்போதும் உண்டு, அந்த உத்தரவுகள் தீர்ப்புகளோடு கிடைக்கும்.

ஆக்சிடென்ட் கேஸ். நஷ்டஈட்டில் நூற்றுக்கு இருபது என்று வக்கீல் பேசியிருக்கிறார். இது சரியா?

எண்ணூர், மணலி ரோட்டில் கன்டெய்னர் லாரி ஓடும் ஊரில் இந்தக் கேள்வி வராத வாரம் இல்லை. அடிபட்டவர் ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும்போதே யாரோ ஒருவர் வந்து வெற்று வக்காலத்தில் கையெழுத்து வாங்கிப் போயிருப்பார். வந்தவர் வக்கீலா, புரோக்கரா என்றே தெரியாது.

இந்திய பார் கவுன்சில் விதிகளின்படி கேஸின் முடிவைப் பொறுத்துக் கட்டணம் பேசுவதும், கிடைக்கும் தொகையில் பங்கு கேட்பதும் கூடாது. ஆள் வைத்துக் கேஸ் பிடிப்பதும் கூடாது. பம்பாய் குற்றவியல் கோர்ட் வாசலில் கட்சிக்காரர்களைப் பிடிக்க வக்கீல்கள் ஒருவரோடு ஒருவர் மல்லுக்கட்டிய விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போய், அது தொழில் முறைகேடு என்று 1975-இல் தீர்ப்பானது. அதற்குப் பிறகும் வழக்கம் நின்றபாடில்லை.

உங்களுக்கு நடைமுறையில் உபயோகமானது இது. சிறுவழக்கு நீதிமன்றத்தில் உள்ள விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தின் உத்தரவில் எவ்வளவு தொகை என்று இருக்கும். அந்த நகலை நீங்களே வாங்குங்கள். பாஸ்புக்கையும் ஏ.டி.எம். கார்டையும் யாரிடமும் கொடுக்காதீர்கள். கையெழுத்திட்ட வெற்று செக் கேட்டால் அப்போதே எழுந்து வந்துவிடுங்கள்.

பீஸ் பாக்கி என்று கேஸ் கட்டைத் தர மறுக்கிறார். இது புகார் கொடுக்கக்கூடிய விஷயமா?

ஆமாம். 2000-ஆம் ஆண்டில் ஆர்.டி.சக்சேனா வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது: பாக்கிக்காகக் கட்சிக்காரரின் கட்டைப் பிடித்து வைக்க வக்கீலுக்கு உரிமை இல்லை, பாக்கியை வேறு வழியில் வசூலித்துக்கொள்ளலாம். முதலில் எழுத்தில், பதிவுத் தபாலில் கட்டைக் கேளுங்கள். அந்த ரசீது பிறகு உதவும்.

புது வக்கீல் வைக்கப் பழையவரின் என்.ஓ.சி. (ஆட்சேபணை இல்லை என்ற கடிதம்) வேண்டும் என்பார்கள். கொடுக்க மறுத்தால், காரணத்தைச் சொல்லி கோர்ட்டில் அனுமதி மனு போடலாம், விதியிலேயே அதற்கு வழி இருக்கிறது.

என் வக்கீல் நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறார் என்று இப்போதுதான் தெரிந்தது. என் கேஸ் என்ன ஆகும்?

கேஸ் அப்படியே இருக்கும், அவர்தான் ஆஜராக முடியாது. நிறுத்தி வைக்கப்பட்ட காலத்தில் இந்தியாவில் எந்த நீதிமன்றத்திலும் தொழில் செய்யக் கூடாது. அடுத்த வாய்தா தேதியை இ-கோர்ட்ஸில் பாருங்கள். கோர்ட்டில் நேரில் போய் நிலைமையைச் சொல்லி அவகாசம் கேளுங்கள். ஏற்கெனவே ஏதாவது தள்ளுபடியாகியிருந்தால், காலதாமதத்தை மன்னிக்கச் சொல்லி மனுவோடு மீண்டும் எடுக்கலாம். அவர் தடையில் இருந்ததற்கான உத்தரவு நகலே அந்த மனுவுக்குப் பலம். நாள் தள்ளத் தள்ளப் பலம் குறையும்.

புகாரைத் தமிழில் கொடுக்கலாமா? பிறகு சமாதானமாகிவிட்டால் வாபஸ் வாங்கலாமா?

தமிழிலேயே கொடுக்கலாம், விதி அனுமதிக்கிறது. டெல்லிக்குப் போகும்போது மொழிபெயர்க்க வேண்டியது பார் கவுன்சிலின் பொறுப்பு. சிவில் கோர்ட் மனுவைப் போல உறுதிமொழியோடு கையெழுத்து வேண்டும், கட்டணமும் உண்டு. தேதி, தொகை, ரசீது, வாட்ஸப் செய்தி என்று கையில் உள்ளதை வரிசையாக வையுங்கள். திட்டினால் யாரும் படிக்க மாட்டார்கள்.

வாபஸ் வாங்கினாலும், ராசியானாலும், அதற்காக மட்டும் விசாரணையைக் கைவிடக் கூடாது என்பது விதி. புகார் கொடுத்தவருக்கும் வக்கீலுக்கும் இடையிலான கணக்கு மட்டுமல்ல இது, தொழிலின் நடத்தை பற்றியது. அதனால் "காசைக் கொடுத்துவிட்டேன், கேஸ் முடிந்தது" என்று வக்கீல் சொன்னாலும் கோப்பு திறந்தே இருக்கலாம். இறுதி உத்தரவின் நகல் இரு தரப்புக்கும் இலவசமாக வரவேண்டும்.

நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகலாமா?

முடியாது. 2024 மே 14 அன்று உச்ச நீதிமன்றம், வழக்கறிஞர் சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வராது என்று தீர்ப்பளித்துவிட்டது. பணமோசடி என்றால் போலீஸ், நஷ்டஈடு என்றால் சிவில் கோர்ட், நடத்தை என்றால் பார் கவுன்சில்.

ஆள் வக்கீலே இல்லை என்று சந்தேகம்.

கருப்பு கோட்டும், வண்டியில் ஒட்டிய ஸ்டிக்கரும் எதையும் நிரூபிக்காது. பதிவு எண்ணைக் கேளுங்கள், பார் கவுன்சிலில் சரிபாருங்கள். எண் இன்னொருவருடையது என்று தெரிந்தால் போலீஸில் புகார் கொடுக்கலாம். பதிவில்லாமல் தொழில் செய்வது வழக்கறிஞர்கள் சட்டத்தின் 45-ஆவது பிரிவில் ஆறு மாதம் வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம்.

நோட்டரி?

அது தனிக் கதை. நோட்டரிகள் சட்டம், 1952-இன் கீழ் அரசு நியமிக்கிறது. ஒவ்வொரு ஜனவரியிலும் நோட்டரிகள் பட்டியல் அரசிதழில் வர வேண்டும். முத்திரையில் உள்ள எண், பெயர், நியமனக் காலம் மூன்றையும் பாருங்கள். காலாவதியான முத்திரையில் வாங்கிய உறுதிமொழிப் பத்திரத்தால் வீட்டுப் பத்திரம் சிக்கலான கேஸ் எங்களிடம் வந்திருக்கிறது.

எல்லா இடத்திலும் தேடிவிட்டேன், ஒன்றும் இல்லை. அப்படியென்றால் நல்லவர்தானே?

தண்டனை பதிவாகவில்லை என்று மட்டும் சொல்லலாம். நேற்று பதிவான இளைஞருக்கும் பட்டியலில் ஒன்றும் இருக்காது. ஏமாந்தவர்களில் பெரும்பாலோர் புகாரே கொடுப்பதில்லை, கேஸ் கெட்டுவிடும் என்ற பயம். மறுபக்கம், பல வருஷம் முன்பு ஒரு கண்டிப்பு வாங்கியவர் இன்றைக்கு ஒழுங்காக வேலை பார்க்கிறவராகவும் இருக்கலாம். என்னைக் கேட்டால், பட்டியலில் ஏதுமில்லை என்பதோடு, கொடுத்த பணத்துக்கு ரசீது தருகிறாரா, வாய்தா தேதியைக் கேட்டால் சொல்கிறாரா என்பதையும் சேர்த்துப் பார்ப்பேன். கட்சிக்காரர் பணத்துக்குக் கணக்கு வைக்க வேண்டும் என்பதும் விதிதான்.

கிடைத்ததைத் தெரு வாட்ஸப் குழுவில் போடலாமா?

வேண்டாம். இறுதி உத்தரவு உண்மையாகவே இருந்தாலும், அதோடு நீங்கள் சேர்க்கும் ஒரு வரி அவதூறு வழக்கில் கொண்டுபோய் விடும். எதிரே நிற்பவர் ஒரு வக்கீல் என்பதை மறக்காதீர்கள், அவருக்கு வக்கீல் பீஸ் செலவு கிடையாது. உங்களிடம் தனியாக வந்து கேட்பவருக்கு உத்தரவு நகலைக் காட்டுங்கள், அதுவே போதும்.

வக்கீலை மாற்ற வேண்டும், ஆனால் கையில் காசில்லை.

15100 என்ற எண்ணுக்கு அடியுங்கள், சட்ட உதவி மையம். பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், ஆலைத் தொழிலாளர்கள், காவலில் இருப்பவர்கள் ஆகியோருக்கு வருமானம் எவ்வளவு என்றாலும் இலவச வக்கீல் கிடைப்பார். மற்றவர்களுக்கு வருமான வரம்பு உண்டு. உயர் நீதிமன்ற வளாகத்திலேயே சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கிறது. போகும்போது ஆதார், இருக்கிற கேஸ் காகிதம், பழைய வக்கீலுக்கு அனுப்பிய பதிவுத் தபால் ரசீது மூன்றையும் எடுத்துப் போங்கள். அங்கே நியமிக்கும் வக்கீலும் பட்டியலில் உள்ளவர்தான், அவர் பணம் கேட்டால் அதே அலுவலகத்தில் எழுதிக் கொடுக்கலாம்.